எனக்குத் தெரியாமல் நான்கு மாதம்

எனக்குப் புற்றுநோய் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களில் கடைசியாகத் தெரிந்த ஆள் நான்தான். வியாதி என்னுடையது. ஊசி குத்தியது என் உடம்பில். ரிப்போர்ட்டில் அடித்திருந்த பெயரும் வயதும் என்னுடையவை. ஆனாலும் என் மனைவிக்குத் தெரிந்து, என் அண்ணனுக்குத் தெரிந்து, மதினிக்குத் தெரிந்து, நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு இரண்டு காரணம். ஐந்தே தடவையில் முடிகிற கதிர் சிகிச்சை எப்படி இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இரண்டாவது, எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

என் பெயர் குத்தாலிங்கம். சொந்த ஊர் இலத்தூர். வயலை அண்ணன் மந்திரமூர்த்தி பார்த்துக்கொள்கிறார். நான் தென்காசியில் முப்பது வருடமாக மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வயது அறுபத்து நான்கு. என் கடையில் ஒளிவு மறைவு கிடையாது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்து உள்ளே சுற்றிய செம்புக்கம்பிக் காயில் கருகியிருந்தால், "கருகிப்போச்சு, கட்டணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "கொஞ்சம் பைய சொல்லக்கூடாதா அண்ணாச்சி, மனசு பதறுதுல்லா" என்று கேட்டவர்கள் உண்டு. பையச் சொன்னால் காயில் தானாகச் சுற்றிக்கொள்ளுமா?

போன வருடம் சித்திரையில் என் ஒரே மகள் செண்பகாவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு செங்கோட்டை. சம்பந்தி இசக்கிமுத்து கேரளாவுக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி. கல்யாணம் ஆவணியில். அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒன்றுக்குப் போவதில் சள்ளை தொடங்கியது. போய்விட்டு வந்த பிறகும் பாதி உள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கும். சர்க்கரை கூடியிருக்கும் என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அவர் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்க்கச் சொன்னார்.

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சின்னச் சுரப்பி. ஒரு நெல்லிக்காய் அளவு. சிறுநீர் போகிற குழாய் அதன் நடுவே ஓடுகிறது. பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். அது கூடினால் அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. எனக்கு எட்டே முக்கால் பக்கம் இருந்தது. அதனால் பயாப்சி எடுத்தார்கள். பின்பக்கம் வழியாக ஊசி விட்டு, சுரப்பியில் பன்னிரண்டு இடத்தில் துணுக்குக் கிள்ளி எடுப்பது. வலி பொறுக்கக்கூடியதுதான். வெட்கம்தான் பொறுக்க முடியவில்லை.

ரிப்போர்ட் வருகிற நாளில் எனக்குக் கடையில் கை ஒழியவில்லை. வைகாசி மாதம், கிணற்று மோட்டார் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அண்ணன் போய் வாங்கி வருகிறேன் என்றார். சாயங்காலம் கடைக்கு வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்லலே. வயசானா எல்லாருக்கும் வர்ற வீக்கம்தானாம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. மூணு மாசம் போடணுமாம்."

"ரிப்போர்ட்ட எங்க?"

"வீட்டுல குடுத்துட்டேன். உனக்கு என்ன வெளங்கப்போவுது அதுல? எல்லாம் இங்கிலீசு."

நான் சிரித்தேன். கடைப் பையனை அனுப்பி எல்லாருக்கும் டீ வாங்கி வரச் சொன்னேன். அந்த டீயை அண்ணன் குடித்தார் என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனியில் சாரல் விழுந்ததும் சம்பந்தி வீட்டாரைக் குற்றாலத்துக்குக் குளிக்க அழைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. செங்கோட்டைக்காரருக்குக் குற்றாலம் என்ன புதிதா? வண்டி எடுத்தால் பத்து நிமிடம். இருந்தாலும் நாங்கள் அழைக்க வேண்டும், அவர்கள் வர வேண்டும், அதுதான் முறை. இரண்டு குடும்பமும் போனோம். பேரருவியில் நல்ல தண்ணீர். சம்பந்தியும் நானும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றோம். தண்ணீர் முதுகில் அடிக்கிற அடியில் அவர் என்னமோ கத்தினார், எனக்குக் கேட்கவில்லை, நானும் பதிலுக்கு என்னமோ கத்தினேன். என் ஆயுசிலேயே அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. பிறகு புளியறைப் பக்கம் புரோட்டாக் கடைக்குப் போனோம். சர்க்கரைக்காக என் தட்டில் சோற்றைக்கூட அளந்து போடுகிற என் மனைவி சிவகாமி, அன்றைக்குத் தன் இலையிலிருந்து ஒரு புரோட்டாவை எடுத்து என் இலையில் வைத்தாள். "சாப்பிடுங்க, ஒரு நாள்தான" என்றாள். மதினி எனக்கென்று மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். அண்ணன் என் ஈரத் துண்டை வாங்கிப் பிழிந்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஆஹா, பெண்ணைப் பெற்றவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துப் பூரித்துப்போனேன். கோட்டிக்காரன், சுத்தப் பைத்தியம்.

ஆவணியில் கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. செண்பகாவும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். புரட்டாசியில் திரும்பவும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எடுத்தேன். மறுநாள் அண்ணன் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது மாறிட்டுலே. புத்துன்னு சொல்லுதாவ. பயப்படாத, ஆரம்பந்தான்" என்றார். சிவகாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னேன். "நல்ல வேளை, கல்யாணம் முடிஞ்சபெறகு வந்துச்சு. தெய்வம் நம்ம பக்கம்" என்றுகூடச் சொன்னேன். சொல்லும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது இப்போதுதான் எனக்கு நினைவில் தெளிகிறது.

திருநெல்வேலியில் கதிர் சிகிச்சை உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நானும் சிவகாமியும் போனோம். காத்திருக்கிற இடம் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். மூன்று மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். சிவகாமி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தாள். டாக்டர் புரட்டிக்கொண்டே வந்து ஒரு காகிதத்தில் நின்றார்.

"பயாப்சி மே மாசம் எடுத்திருக்கீங்க சார். இப்ப அக்டோபர். இவ்வளவு நாள் ஏன் வரல?"

"அதுல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்கம்மா. வீக்கம்தான். இப்பத்தான் மாறியிருக்காம்."

"இல்ல சார், இதுலயே கேன்சர்னு தெளிவா இருக்கே. உங்க பேரு குத்தாலிங்கம்தானே?" என்று காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. என் பெயரையும் தேதியையும் படிக்கிற அளவுக்கு வரும். நான் சிவகாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடமாக அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கடையில் மீந்த சில்லறையை ஒளித்து வைக்கக்கூடத் தெரியாதவள் என்று நான் எல்லாரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். அந்த டாக்டரம்மா என்ன நினைத்தாரோ, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். நான் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"எத்தன பேருக்குட்டீ தெரியும்? சொல்லு."

"நானு, அண்ணாச்சி, மதினி. வேற யாருக்கும் சொல்லல," என்றாள் சிவகாமி. "கல்யாணம் நின்னு போயிரும்னு பயந்துட்டோம். அந்த வீட்டுல பொண்ணு எடுத்தா சீக்கு வரும்னு பேசுவாவளே. புள்ள வாழ்க்க போயிருமேன்னுதான்."

அண்ணன் சொன்னார்: "டாக்டர்ட்ட கேட்டேன்லே. இது பைய வளருத புத்து, மூணு நாலு மாசம் தள்ளினா கெட்டுப்போவாதுன்னாரு. கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன். உன்ன சாவக் குடுக்கவா செஞ்சேன்?"

"உம்ம உடம்பா அது? எந்த உடம்புல எத எப்ப பாக்கணும்னு நீரு யாரு முடிவு பண்ண?"

அண்ணனுக்கும் ரோசம் வந்துவிட்டது. "நம்ம அப்பாவுக்குத் தொண்டையில வந்தப்ப யாருலே மறைச்சா? நீதான டாக்டர் ரூமுக்குள்ள போயி, வெறும் புண்ணுன்னு சொல்லுங்கன்னு அவரு கையப் புடிச்ச? அன்னைக்கு நான் சொல்லிருவோம்னு சொன்னேன்."

உண்மைதான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி நான் அதைச் செய்தேன். அப்பா கடைசி வரைக்கும் புண் ஆறும் என்று நினைத்துக்கொண்டு மஞ்சள்பால் குடித்தார். அவருக்கு எண்பது வயது, செய்வதற்கு ஒன்றுமில்லை, எனக்குச் செய்வதற்கு இருந்தது என்று பிறகு நூறு பதில் யோசித்தேன். அந்த நேரத்தில் "வீட்ட விட்டு வெளிய போம்" என்று மட்டும் சொன்னேன். அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

கதிர் சிகிச்சையில் இரண்டு வகை சொன்னார் டாக்டரம்மா. ஒன்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாரக்கணக்கில் கொடுப்பது. இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டி, ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்தே தடவையில் முடிப்பது. அளவு கூடுதல் என்பதால் குறி மயிரிழையும் தப்பக்கூடாது. புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால்தான் இது சரிப்படும். எலும்புக்கோ வேறு இடத்துக்கோ போயிருந்தால் கதையே வேறு. அதைத் தெரிந்துகொள்ள பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். மருந்தை ரத்தத்தில் ஏற்றி, புற்று எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரச் செய்து படம் பிடிப்பது.

அந்த ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்த நான்கு நாள் எனக்குச் சாவு பயம் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதுகிறேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது என்பேன். பல் கூசினால்கூட அதுதான் என்பேன். போயிருந்தால், போனது எந்த மாதத்தில்? நான் அருவியில் நின்று கத்திக்கொண்டிருந்தபோதா? கல்யாணப் பந்தலில் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டபோதா? இதே யோசனை. சாப்பிட உட்கார்ந்தால் சிவகாமி பரிமாறுவாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அவள் நல்லதாக ஏதாவது சமைத்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும், இப்போது எதை மறைக்கிறாள் என்று. பாயசம் வைத்த அன்றைக்குக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டேன். அன்பாக இருப்பதையே அவர்கள் எனக்கு விஷமாக்கி வைத்திருந்தார்கள்.

ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை என்று வந்தது. நான் தனியாகப் போய், என் கையால் வாங்கி, டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன்.

"நாலு மாசம் பிந்தினதுல எனக்கு என்ன நட்டம்? மறைக்காம சொல்லுங்கம்மா."

அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மே மாசத்துல பி.எஸ்.ஏ. பத்துக்குக் கீழ இருந்துச்சு. இப்ப பன்னிரண்டைத் தாண்டிருச்சு. அதனால கதிரோட சேத்து ஆறு மாசம் ஹார்மோன் ஊசியும் போடச் சொல்றேன். அப்பவே வந்திருந்தா ஊசி இல்லாமலே முடிஞ்சிருக்கலாம். அப்பவும் ஊசி வேணும்னுகூட நான் சொல்லியிருக்கலாம். உறுதியா என்னால சொல்ல முடியாது சார். இது மெதுவா வளர்ற வகைதான், அதுவும் உண்மை."

எனக்கு வேண்டியிருந்தது ஆமாம் அல்லது இல்லை. இரண்டும் கிடைக்கவில்லை. இனி என்றைக்கும் கிடைக்காது. ஆனால் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

ஹார்மோன் ஊசி ஆண் சுரப்பு நீரை அடக்கிவிடும். புற்றுக்கு அதுதான் தீனி, தீனியை நிறுத்துவது. நிறுத்தினால் ஆளும் பாதி நின்றுவிடுகிறான். மார்கழிக் குளிரில், ஊரே போர்வைக்குள் இருக்கும்போது, எனக்கு நெஞ்சிலிருந்து தலை வரைக்கும் குப்பென்று சூடு ஏறி வியர்வை ஊற்றும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருமே, அதே சங்கதி. சிவகாமிக்கு அது வந்த வருடம் நான் கேலி பேசியிருக்கிறேன். ஆசை என்ற ஒன்று சுத்தமாக அணைந்துபோனது. ஐந்து ஹெச்பி மோட்டாரைத் தூக்கித் திருப்புகிறவன், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். காரணமில்லாமல் அழுகை வரும். ஒவ்வொரு தடவை வியர்க்கும்போதும், இது எனக்குத் தேவைதானா என்ற கேள்வி வந்துவிடும். அது ஊசியைவிடப் பெரிய இம்சை.

கதிருக்கு முன்னால் சுரப்பிக்குள் மூன்று தங்க மணி வைத்தார்கள். அரிசி அளவுகூட இருக்காது. சுரப்பி அசைகிற பொருள், சிறுநீர்ப்பை நிறைந்தால் ஒரு பக்கம், வயிற்றில் காற்று நின்றால் ஒரு பக்கம் நகரும். தங்கம் படத்தில் பளிச்சென்று தெரியும். அதை வைத்துத்தான் மெஷின் குறி பார்க்கும். வைத்த மணியைத் திரும்ப எடுப்பதில்லை. மகளுக்கு அத்தனை பவுன் போட்டோம், எனக்கு மூன்று மணி போட்டு அனுப்புகிறார்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பல நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

முதல் நாள் சிகிச்சைக்கு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, பைலை அக்குளில் வைத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். என் காகிதம் இனி என் கையை விட்டுப் போகக்கூடாது என்பது என் வைராக்கியம். அங்கே போனால் சம்மதப் படிவத்தில் உடன் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். யாரும் வரவில்லை என்றேன். "ஆள் இல்லாம எப்படி ஐயா? யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். எனக்கு என் கையெழுத்து போதாதா என்று சண்டைக்குப் போனேன். அப்போது பின்னால் ஒரு குரல்.

"எங்க போடணும்?"

சிவகாமி. தூக்குவாளியோடு நின்றாள். எனக்கு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, அந்தப் பெரிய ஹாலின் கடைசி நாற்காலியில் எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"இதையும் எனக்குத் தெரியாமத்தானா?" என்றேன்.

"சொன்னா விடமாட்டிய" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்து கோணலாக இருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. ஆனால் வாளியில் இருந்த எலுமிச்சைச் சோற்றை மத்தியானம் சாப்பிட்டேன். பசி.

சிகிச்சை நாளின் நடைமுறையைச் சொல்கிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும். குடல் காலியாக இருக்க வேண்டும், அதற்குக் காலையில் எனிமா. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். முதலில் போய் முழுக்க ஒழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரைக் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். என் வயது ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பாட்டிலோடு, காலைக் காலோடு ஒட்டிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருப்போம். எங்களைப் பார்த்தால் பரீட்சைக்கு வந்த பையன்கள் மாதிரி இருக்கும். மெஷின் ஐந்து நிமிடம் தாமதமானால் ஒவ்வொருவர் முகமும் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

உள்ளே ஒரு பலகை. கால்களுக்கென்று அச்சு எடுத்து வைத்திருப்பார்கள், அதில் காலை வைத்து அசையாமல் படுக்க வேண்டும். முதலில் ஒரு படம் எடுத்துத் தங்க மணிகள் குறித்து வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே போய், கனமான கதவு மூடும். மெஷினின் கை நம்மைச் சுற்றி வரும். சூடு இல்லை, வலி இல்லை, வெளிச்சம்கூட இல்லை. ஒரு முனகல் சத்தம் மட்டும். பத்துப் பதினைந்து நிமிடம். முதல் நாள் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது, இவ்வளவுதானா என்று. மூன்றாவது தடவை குடலில் காற்று நின்று மணிகள் நகர்ந்திருந்ததால் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். நடந்து, காற்றைப் போக்கி, மறுபடி தண்ணீர் குடித்து, மறுபடி முக்கால் மணி நேரம். வராந்தாவில் நான் நடக்க, சிவகாமி பாட்டிலோடு பின்னாலேயே நடந்தாள். "இன்னும் ரெண்டு வாய்" என்பாள். "தெரியும்" என்பேன். அந்த ஐந்து தடவையில் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவை முடிந்து வெளியே வந்தபோது டெக்னீஷியன் கை கொடுத்தார். பிறகு ஒரு மாதம் ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அரை மணிக்கு ஒரு தடவை ஓட்டம். வேட்டியை நனைத்துவிடுவேனோ என்று பயந்து கடைக்கே போகவில்லை. ஒரு நாள் நனைத்தும் விட்டேன். சிவகாமி வேட்டியை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாவது மாதத்தில் எல்லாம் படிப்படியாக அடங்கியது.

செண்பகாவுக்கு எல்லாம் பிறகுதான் தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை, அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "யாரும்மா கேட்டா? எங்கல்யாணத்த தள்ளி வச்சிருப்பேன்லா? இனி அந்த போட்டோ ஆல்பத்த நான் எப்படிப் பாப்பேன்? அப்பா சிரிச்சிட்டு நிக்காவ அதுல." எனக்காக இந்த வீட்டில் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று தெம்பாக இருந்தது.

இந்த ஆனியில் எடுத்த ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஊசி நிறுத்தியாகிவிட்டது. தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எதுவும் நிச்சயம் இல்லை, ஆனால் நல்ல சேதி என்றார் டாக்டரம்மா. ரத்த முடிவு நன்றாக வந்ததைக் கேள்விப்பட்டு சம்பந்தி இசக்கிமுத்து மட்டும் ஒரு பை நிறைய பழத்தோடு செங்கோட்டையிலிருந்து வந்தார். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. சிவகாமி காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

"இனி சுகமாயிரும் சம்பந்தி, ஒண்ணும் பேடிக்காண்டாம்," என்றார் அவர், பயப்பட வேண்டாம் என்பதைக் கேரளத்துப் பேச்சும் நம் பேச்சும் கலந்து. "உங்க தைரியத்துக்கே பாதி சுகமாயிரும். போன வருசம் அருவியில வச்சே நான் எங்க வீட்டுல சொன்னேன், மனுசன் இம்புட்டுப் பெரிய சீக்க உடம்புல வச்சிக்கிட்டு எப்படிச் சிரிச்சிட்டு நிக்காரு பாருன்னு."

எனக்குப் புரியவில்லை. "போன வருசமா? உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அப்பமே தெரியுமே. பயாப்சி பாத்த லேப்புல எங்க கொழுந்தியா மவன்லா இருக்கான். வந்து சொன்னான். அதுக்கென்னடே, மனுசனுக்கு நோவு வர்றதுதானன்னு சொல்லி விட்டுட்டேன். நல்ல குடும்பம், நல்ல புள்ள, இதுக்காவ யாராவது கைய விடுவாவளா? நீங்களா சொல்லாம இருக்கியளே, நாம கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னு நானும் மூச்சு விடல. பையன்கிட்டகூட சொல்லல. கல்யாண நேரத்துல அவனுக்கு எதுக்கு?"

சிவகாமியின் கையிலிருந்த தட்டு சாய்ந்து காப்பி தரையில் கொட்டியது. "அடடா, பாத்தும்மா" என்றார் சம்பந்தி. கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருக்கிறார். யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்களோ அவருக்குத் தெரியும். பெரியவர்களில் தெரியாதவன் நான் ஒருவன்தான், அதிலும் அவர் என்னைப் பெரிய வீரன் என்று மெச்சிவிட்டுப் போகிறார்.

அடுப்படிக்குப் போனேன். சிவகாமி தரையில் உட்கார்ந்து, துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். என் வியாதி முழுவதிலும் நான் பார்க்க அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் யாருக்காவ மறைச்சேன்? ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சோறு போடும்போது சொல்லிரணும்னு வரும், முழுங்கிக்கிடுவேன். எல்லாம் வீணாப் போச்சே. அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"என்கிட்டயும்தான் கேட்டிருக்கலாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பிய? நெசத்தச் சொல்லுங்க."

எட்டு மாதமாக இந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன், அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை, ஆனால் இந்தக் கேள்வியை நான் எனக்குள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பதில் யோசிக்காமலே வந்தது.

"கல்யாணத்த முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"பெறவு என்ன? அதத்தான நாங்களும் செஞ்சோம்?"

"நான் சொல்லியிருந்தா அந்த நாலு மாசம் எம்மவளுக்கு நான் குடுத்ததா இருந்திருக்கும்ட்டீ. அவ கல்யாணத்துக்குக் குடுக்க அதவிடப் பெருசா எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அதப்போயி எனக்குத் தெரியாம எடுத்து, நீங்களே குடுத்துட்டியளே."